வேண்டாம் என்று எழுதும் கடிதம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உயிரியல், உளவியல் போன்ற துறைகளின் பிஎச்.டி. நேர்காணல்கள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நடக்கின்றன. கொரோனாவுக்கு முன்பு, அந்த நாட்டுக்குள்ளேயே இருக்கும் மாணவர்களுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்து வரவழைப்பார்கள். வளாகத்தைச் சுற்றிக் காட்டி, ஒவ்வொரு பேராசிரியரோடும் அரை மணி நேரம் உட்காரவைத்து, இரவு விருந்தும் கொடுத்து அனுப்புவார்கள். கடல் கடந்து இருப்பவர்களுக்கு அப்போதே பெரும்பாலும் ஸ்கைப்தான். இப்போது பல துறைகளில் எல்லோருக்குமே ஜூம். பாஸ்டனில் காலை 10 மணி என்றால் சென்னையில் இரவு 8.30. கலிஃபோர்னியாவில் காலை 10 என்றால் இங்கே இரவு 11.30. டி.வி.யை அணைத்துவிட்டு, தம்பியை மொட்டைமாடிக்கு விரட்டிவிட்டு, சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு பெண் நான்கு பேராசிரியர்களிடம் அடுத்தடுத்துத் தன் ஆய்வைப் பற்றிப் பேசி முடிக்கிறாள். கதவைத் திறந்ததும் அப்பா கேட்பது, "என்னம்மா, கிடைச்சிடுமா?" அவளுக்குள் ஓடுவது வேறு. அவர்களுக்கு இனி ஏதாவது எழுத வேண்டுமா? எழுதினால் என்ன நினைப்பார்கள்? எழுதாவிட்டால்?

நம் ஊரில் இந்தக் கேள்வியே எழாது. யுஜிசி 2022இல் கொண்டுவந்த பிஎச்.டி. விதிகளின்படி, பல்கலைக்கழகம் நடத்தும் எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 விழுக்காடு. மதிப்பெண்ணைக் கூட்டிப் பட்டியலை இணையதளத்தில் ஏற்றுவார்கள், அல்லது துறை அலுவலக வாசலில் ஒட்டுவார்கள். நடுவில் குழுவில் இருந்த பேராசிரியருக்கு ஒரு மாணவர் மெயில் அனுப்பினால் அதை யாரும் நன்றி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 'ஆள் பிடிக்கிறான்' என்பார்கள். கூடப் படிப்பவர்கள் 'காக்கா பிடிக்கிறியா?' என்று சிரிப்பார்கள். இந்தக் கூச்சத்தை அசட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. சிபாரிசுக் கடிதமும் தெரிந்தவர் போனும் எத்தனை இடங்களைத் திசைமாற்றின என்று பார்த்து வளர்ந்த சமூகத்தில், தேர்வு அறைக்கு வெளியிலிருந்து ஒரு வரிகூட உள்ளே போகக் கூடாது என்று நினைப்பதும் ஒருவகை நேர்மைதான்.

அமெரிக்காவில் வழக்கம் வேறு. கல்யாணப் பரிசுக்கும், வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டதற்கும், வேலை நேர்காணலுக்கும் நன்றி எழுதுவதைப் பல குடும்பங்களில் சின்ன வயதிலேயே பழக்கிவிடுகிறார்கள். அதனால் நேர்காணல் முடிந்த ஓரிரு நாளில் வருகிற நாலு வரி மெயிலில் பேராசிரியர் உள்நோக்கம் தேடுவதில்லை. வரவில்லை என்றால் முகம் சுளிப்பதும் இல்லை. பலர் பார்த்துவிட்டு அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் அதே நாட்டில்தான் இந்த நாலு வரியைச் சுற்றி ஒரு மூடநம்பிக்கையும் வளர்ந்திருக்கிறது. நன்றிக் கடிதம் சரியாக எழுதினால் சீட்டு, எழுதாவிட்டால் போச்சு என்று மாணவர்களைப் பயமுறுத்துகிற ஆலோசகர்கள் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. நடப்பது என்ன? நேர்காணல் செய்தவர் தன் மதிப்பீட்டை ஒரு படிவத்தில் நிரப்பிச் சேர்க்கைக் குழுவுக்கு அனுப்புகிறார். பல இடங்களில் நினைவு மங்கும் முன்னே, அன்றைக்கோ மறுநாளோ. குழு கூடும்போது அதன் முன்னால் இருப்பவை அந்தப் படிவமும், மதிப்பெண் பட்டியலும், பரிந்துரைக் கடிதங்களும், மாணவர் செய்த ஆய்வின் விவரமும். நன்றி மெயில் அந்தக் கோப்பில் சேர்வது அபூர்வம். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து செதுக்கிய மெயில் போய்ச் சேரும்போது, மாணவியைப் பற்றிய கருத்து பெரும்பாலும் எழுதி முடிக்கப்பட்டிருக்கும். கேட்க ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் சீட்டுக்கு இது உதவாது என்று தெரிந்துவிட்டால் எழுதுவது எவ்வளவோ சுலபம்.

உதவாது என்றால் எதற்கு எழுத வேண்டும்? அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் 'சைக்காலஜிக்கல் சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தங்களுக்கு நல்லது செய்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, அதைப் பெறுபவர் எப்படி உணர்வார் என்று எழுதியவர்களை ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு பெற்றவர்களிடமே கேட்டார்கள். எழுதியவர்களின் கணக்கு இரண்டு இடத்தில் தப்பியிருந்தது. படிப்பவர் சங்கடப்படுவார் என்று தேவைக்கு மேல் பயந்திருந்தார்கள். அவர் அடையப்போகும் மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். வார்த்தை சரியாக விழுந்ததா என்று எழுதியவர் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, படித்தவர் பார்த்தது அதில் இருந்த அன்பை. இது சேர்க்கை நேர்காணலை வைத்துச் செய்த ஆய்வு அல்ல. இருந்தாலும், 'காக்கா பிடிப்பதாக நினைத்துவிடுவாரோ' என்று கூசுகிற பிள்ளைக்கு இதில் கொஞ்சம் தைரியம் கிடைக்கும்.

என்ன எழுதுவது என்பதில்தான் வேடிக்கை. 'உங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கியதற்கு நன்றி. உங்களுடன் உரையாடியது மிகுந்த ஊக்கமளித்தது. உலகத்தரம் வாய்ந்த உங்கள் ஆய்வுக்கூடத்தில் இணையும் வாய்ப்பை ஆவலுடன் எதிர்நோக்குகிறேன்.' பெயரை மாற்றினால் இது எந்தப் பேராசிரியருக்கும் போகும். சில சமயம் பெயரை மாற்ற மறந்தே போய்விடுகிறது. சாட்ஜிபிடி வந்த பிறகு, ஐந்து பேரிடமிருந்து வருகிற ஐந்து மெயிலும் ஒரே கையால் எழுதியதுபோல இருக்கின்றன.

இன்னொரு மெயிலைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஸீப்ராஃபிஷ் என்கிற சின்ன மீனுக்கு இதயத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தாலும் மறுபடி வளர்ந்துவிடும். அதை ஆராய்கிற பேராசிரியர் நேர்காணலின் நடுவே, 'புதுத் தசைதான் வளர்ந்திருக்கிறது, வெறும் தழும்பு இல்லை என்று எப்படி நிச்சயம் செய்வாய்?' என்று கேட்டார். மாணவி தடுமாறினாள். மறுநாள் எழுதுகிறாள்: நேரம் கொடுத்ததற்கு நன்றி. தழும்பைப் பற்றி நீங்கள் கேட்டது மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. கொலாஜனுக்குச் சாயமேற்றி வெவ்வேறு நாட்களில் எடுத்த வெட்டுகளை ஒப்பிட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. உங்கள் கூடத்தில் முதலாண்டு மாணவர்களும் வாராந்திரக் கூட்டத்தில் பேசுவார்கள் என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். இந்த மெயிலை அந்த ஒருவருக்கு மட்டும்தான் அனுப்ப முடியும். தடுமாறிய பதிலை ஒரு வரியில் சரிசெய்வதில் தவறில்லை. இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதி, மூன்று ஆய்வுக் கட்டுரைகளையும் இணைத்து அனுப்பினால் அது நன்றியாக இருக்காது, மறுதேர்வு கேட்கும் மனுவாக இருக்கும்.

ட்ரூ ஆப்பிள்பியும் கேரன் ஆப்பிள்பியும் 2006இல் உளவியல் துறைச் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம், தேறவேண்டிய மாணவரின் விண்ணப்பத்தைக் கெடுத்தது எது என்று கேட்டுத் தொகுத்தார்கள். மோசமான எழுத்து, துறையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் விண்ணப்பித்தது போன்றவற்றோடு, அசத்தப்போய் அசிங்கப்பட்ட முயற்சிகளும் அந்தப் பட்டியலில் தனி வகையாக இடம்பெற்றன. பேராசிரியரை வானளாவப் புகழ்கிற மெயிலை அனுப்பும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பிக்கிற நம் பழக்கத்தையும்தான். 'டியர் டாக்டர்' போட்டுக் குடும்பப் பெயரை எழுதினால் போதும். பெண் பேராசிரியரை 'சார்' ஆக்கிவிடும் விபத்தும் நேராது.

பரிசுப் பொருள் இன்னொரு சிக்கல். பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நேரில் நேர்காணலுக்குப் போகிற பிள்ளையின் பெட்டியில் அம்மா ஒரு சின்னப் பித்தளைப் பிள்ளையாரை வைத்தால் அது பாசம். ஆனால் முடிவு வெளிவராத நேரத்தில் அந்தப் பிள்ளையார் பேராசிரியரின் மேஜை மேல் உட்கார்ந்தால் அவருக்குத்தான் தர்மசங்கடம். வாங்கிக்கொண்டால் விதி மீறல் மாதிரி, திருப்பிக் கொடுத்தால் அவமரியாதை. பிள்ளையார் ஆகஸ்டு மாதம் போகட்டும், சேர்ந்த பிறகு.

எழுதிய மெயிலுக்குப் பதில் வராவிட்டால்? பெரும்பாலும் வராது. சில துறைகள் முடிவு வரும்வரை மாணவர்களோடு தனியாகக் கடிதப் போக்குவரத்து வேண்டாம் என்று பேராசிரியர்களிடம் சொல்லிவைக்கின்றன. பதில் வராததை வைத்து ஜாதகம் கணிப்பது வீண். மௌனத்துக்கு மாணவர் கையில் இல்லாத காரணங்களும் இருக்கின்றன. கேத்ரின் மில்க்மன், மொடுபே அகினோலா, டாலி சுக் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கொஞ்சம் கசப்பாகவே காட்டியது. அமெரிக்காவில் 259 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 6,500க்கும் மேற்பட்ட பேராசிரியர்களுக்கு, பிஎச்.டி. படிக்க விரும்பும் மாணவர் சந்திக்க நேரம் கேட்பதுபோல ஒரே மெயிலை அனுப்பினார்கள். மாறியது பெயர் மட்டும். வெள்ளை ஆணின் பெயர், கறுப்பினப் பெயர், லத்தீன் அமெரிக்கப் பெயர், சீனப் பெயர், இந்தியப் பெயர். வெள்ளை ஆண் பெயருக்கு மற்றவர்களைவிட அதிகம் பதில் வந்தது. தனியார் பல்கலைக்கழகங்களிலும், சம்பளம் அதிகமுள்ள துறைகளிலும் அந்த இடைவெளி இன்னும் பெரிது. அது விண்ணப்பிப்பதற்கு முன் எழுதும் மெயில், நேர்காணலுக்குப் பின் எழுதுவது அல்ல. என்றாலும், பதில் வராத ஒவ்வொரு மெயிலுக்கும் தன் ஆங்கிலத்தைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாணவி இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதுவது அடுத்த வகை. இதற்கு வழி எளிது. எப்போது சொல்வோம் என்று அவர்கள் ஒரு தேதி சொல்லியிருந்தால் அது கடந்து ஒரு வாரம் போகட்டும். பிறகு துறையின் சேர்க்கை ஒருங்கிணைப்பாளருக்கு ஒரே ஒரு மெயில். நம் பிள்ளைகள் இங்கே சறுக்குவது உண்டு. ஒருங்கிணைப்பாளர் அலுவலக ஊழியர்தானே, அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்து நேரே பேராசிரியருக்கோ துறைத் தலைவருக்கோ எழுதுகிறார்கள். அமெரிக்கத் துறைகளில் யார் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று நாள்தோறும் தெரிந்தவர் அந்த ஒருங்கிணைப்பாளர்தான். பேராசிரியரே அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார். கிராட்கஃபே போன்ற தளங்களில் யாரோ ஒருவர் 'எனக்குக் கிடைத்துவிட்டது' என்று போட்டதைப் பார்த்த மறுநிமிடம் ஒருங்கிணைப்பாளருக்குப் படபடவென்று எழுதுவது ஒன்றுக்கும் உதவாது. வேறு பல்கலைக்கழகம் இடம் கொடுத்து, பதில் சொல்லத் தேதியும் குறித்துவிட்டது என்றால் அது எழுதத் தகுந்த காரணம். அதை மறைக்காமல் சொல்லியே கேட்கலாம். அப்பா, மாமா, சித்தப்பா யாரும் போன் செய்ய வேண்டாம். விண்ணப்பித்தவரைத் தவிர வேறு யாரிடமும் பெரும்பாலும் பேச மாட்டார்கள்.

இதுவரை சொன்னது சின்ன மரியாதைகள். இவற்றைத் தந்திரமாகப் பயன்படுத்த ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க மருத்துவ உலகம் நல்ல உதாரணம். இங்கே எம்.பி.பி.எஸ். முடித்து, யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வு எழுதி, அங்கே ரெசிடென்சி என்கிற மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கிற தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கு இந்தக் கதை நேரடியாகப் பொருந்தும்.

1940களில் அமெரிக்க மருத்துவமனைகள் நல்ல மாணவர்களை வளைத்துப்போட முந்திக்கொண்டு ஓடின. படிப்பு முடிய இரண்டு வருடம் இருக்கும்போதே இடம் கொடுக்கிற அளவுக்குப் போட்டி முற்றியது. 1945இல் மருத்துவக் கல்லூரிகள் கூடி, குறிப்பிட்ட நாளுக்கு முன் மாணவரின் மதிப்பெண் விவரத்தை வெளியிடுவதில்லை என்று முடிவு செய்தன. சிக்கல் வேறு இடத்துக்கு நகர்ந்தது. மருத்துவமனை இடம் கொடுத்தால் மாணவர் எவ்வளவு நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்? முதலில் 10 நாள் என்று இருந்தது. 1949இல் 12 மணி நேரம்கூட மிக நீளம் என்று மருத்துவமனைகள் மறுத்துவிட்டன. தன் முதல் விருப்பமான மருத்துவமனையிலிருந்து தகவல் வருமா என்று காத்திருக்கிற மாணவரை, இரண்டாவது விருப்பமான மருத்துவமனை உடனே பதில் சொல் என்று நெரித்தது. இதற்குத் தீர்வாகத்தான் 1952இல் 'மேட்ச்' என்கிற முறை வந்தது. மாணவர்களும் மருத்துவமனைகளும் தங்கள் விருப்ப வரிசையைத் தனித்தனியே ஒரு பொது அமைப்பிடம் கொடுத்துவிட வேண்டும். யாருக்கு யார் என்று அது பொருத்திச் சொல்லும். அந்தப் பொருத்தத்தின் கணிதத்தை டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962இல் எழுதினார்கள். 1990களின் பிற்பகுதியில் ஆல்வின் ராத்தும் எலியட் பெரான்சனும் மேட்ச் முறையைத் திருத்தி அமைத்தார்கள். ஷாப்லிக்கும் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. கேல் அதற்கு நான்கு வருடம் முன்பே காலமாகிவிட்டார்.

இந்த முறையில் தன் உண்மையான விருப்ப வரிசையை அப்படியே எழுதிக் கொடுப்பதுதான் மாணவருக்கு லாபம். அப்புறம் நேர்காணலுக்குப் பின் கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் எழுதினார்கள். 'என் பட்டியலில் நீங்கள்தான் முதல்' என்று மாணவர்கள் எழுத, 'எங்கள் பட்டியலில் உங்களுக்கு உயர்ந்த இடம்' என்று மருத்துவமனைகள் எழுத, இந்தக் கடிதங்களுக்கு 'லவ் லெட்டர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரே மாணவர் 'நீங்கள்தான் முதல்' என்று மூன்று இடத்துக்கு எழுதினார். மருத்துவமனைகளும் சளைக்கவில்லை. உயர்ந்த இடம் என்ற சொல்லை நம்பித் தங்கள் வரிசையை மாற்றி ஏமாந்த மாணவர்கள் உண்டு. கடைசியில் மேட்ச் நடத்தும் அமைப்பே விதி போட்டது: நேர்காணலுக்குப் பின் கடிதம் எழுதும்படி மருத்துவமனைகள் மாணவர்களைக் கேட்கக் கூடாது, விருப்ப வரிசையைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது, ஆசை காட்டி ஏமாற்றக் கூடாது. 'நன்றிக் கடிதம் அனுப்ப வேண்டாம், வந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டோம்' என்று நேர்காணல் நாளிலேயே அறிவித்துவிடுகிற மருத்துவமனைகள் இன்று பல. அப்படிச் சொன்ன இடத்துக்கு எழுதாமல் இருப்பதுதான் மரியாதை. மருத்துவ உளவியல் பயிற்சிக்கான ஏபிபிஐசி மேட்சில் விதி இன்னும் கண்டிப்பு. முடிவு வரும்வரை இரு தரப்பும் தங்கள் வரிசையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது.

மேட்ச் போன்ற முறை இல்லாத இடத்தில் நெரிசல் எப்படி இருக்கும் என்பதற்கு ராத் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். நீதிபதிகளிடம் உதவியாளர் வேலைக்கு முயன்ற சட்ட மாணவர் ஒருவர் இன்னொரு நேர்காணலுக்காக விமானத்தில் போய்க்கொண்டிருந்தார். இறங்கிப் போனைப் பார்த்தால் ஒரே நீதிபதியிடமிருந்து மூன்று செய்திகள். முதலாவது, வேலை உனக்குத்தான். இரண்டாவது, சீக்கிரம் பதில் சொல். மூன்றாவது, வேலை இல்லை. விமானம் பறந்தது 35 நிமிடம்.

பிஎச்.டி. உலகில் இந்த அவலம் இந்த அளவுக்கு முற்றாததற்கு ஒரு காரணம் ஏப்ரல் 15. அமெரிக்காவில் முனைவர் பட்ட இடத்தோடு கல்விக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் சேர்ந்து வருவது வழக்கம். அந்த நிதியுதவியை ஏற்பதா இல்லையா என்று ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரை நெருக்க மாட்டோம் என்று, கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பின் தீர்மானத்தில் ஏராளமான பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதில் இல்லை. முன்பணம் கட்டச் சொல்கிற முதுகலைப் படிப்புகளுக்கு இதை நம்பி உட்கார முடியாது. ஆனாலும், பிப்ரவரியில் இடம் கிடைத்த மாணவி பதறாமல் மற்ற முடிவுகளுக்குக் காத்திருக்க இந்தத் தேதிதான் அரண்.

அந்த அரணுக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறது என்பதற்காக, மூன்று பல்கலைக்கழகங்கள் கொடுத்த இடத்தையும் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போகப்போகிறோம் என்று மார்ச் மாதமே தெரிந்த பிறகும் மற்ற இரண்டுக்கும் ஒன்றும் சொல்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். பல துறைகளில் காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்று உண்டு. 'வேண்டாம்' என்று ஒருவர் எழுதினால்தான் அந்தப் பட்டியலில் முதலில் நிற்பவருக்கு மெயில் போகும். ஏப்ரல் 14ஆம் தேதி இரவு வந்த 'வேண்டாம்', மார்ச் 10ஆம் தேதி வந்திருந்தால் அவர் ஐந்து வாரம் நகம் கடித்திருக்க மாட்டார். சிலர் அதற்குள் வேறு எங்கோ அரைமனதாகச் சம்மதித்திருப்பார்கள். விசாவுக்குக் காத்திருந்தும், பணத்தைப் புரட்டியும் போகவேண்டிய நம் நாட்டு மாணவருக்கு அந்த ஐந்து வாரம் ரொம்பப் பெரிது.

நன்றிக் கடிதம் எப்படி எழுதுவது என்று கேட்கிற கூட்டத்தில், வேண்டாம் என்று எப்படி எழுதுவது என்று கேட்பவர் மிகக் குறைவு. நன்றிக் கடிதத்தில் எழுதுகிறவருக்கு ஒரு சின்ன நப்பாசையாவது ஒட்டிக்கொண்டிருக்கும். வேண்டாம் என்று எழுதும் கடிதத்தில் அதுவும் இல்லை. கிடைக்கப்போவது இன்னொருவருக்கு, அவர் பெயர்கூடத் தெரியாது. நேர்காணலுக்குப் பின் எழுதுகிற எல்லாக் கடிதங்களிலும் முக்கியமானது இதுதான் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. அதற்கு அலங்காரம் தேவையில்லை. 'இடம் கொடுத்ததற்கு நன்றி. யோசித்து, வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர முடிவு செய்திருக்கிறேன். உங்கள் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பதால் உடனே தெரிவிக்கிறேன்.' இணையதளத்தில் 'மறுக்கிறேன்' பொத்தானையும் அழுத்திவிட வேண்டும். நெடுநேரம் பேசிய பேராசிரியருக்குத் தனியாக இரண்டு வரி. எங்கே போகிறோம் என்று சொல்லலாம், அவர்கள் கோபிப்பதில்லை. ஆராய்ச்சி உலகம் சின்னது. நான்கு வருடம் கழித்து ஒரு மாநாட்டில் அதே பேராசிரியர் எதிரே வந்து நிற்பார்.

மாணவர்களுக்கு மட்டும் பாடம் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை. நேர்காணல் வரை அழைத்துவிட்டு, பிறகு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விட்டுவிடுகிற துறைகள் அங்கும் இருக்கின்றன. கோடையில் இணையதளத்தில் நிலை மாறியதைப் பார்த்துத்தான் மாணவர் தெரிந்துகொள்கிறார். கொடுத்த இடத்தையே திரும்ப வாங்கிய காலத்தையும் பார்த்தாயிற்று. 2025 மார்ச்சில், அமெரிக்க மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி எவ்வளவு வரும் என்று தெரியாத குழப்பத்தில், மாசசூசெட்ஸில் உள்ள யுமாஸ் சான் மருத்துவப் பள்ளி அந்த ஆண்டின் உயிர்மருத்துவ பிஎச்.டி.க்குக் கொடுத்திருந்த இடங்களைத் திரும்பப் பெற்றது. நிதி இல்லாதது அந்தப் பள்ளியின் குற்றம் அல்ல. ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்தவர்களில், அதை நம்பி மற்ற இடங்களுக்கு ஏற்கெனவே 'வேண்டாம்' என்று எழுதியிருக்கக்கூடிய ஒரு மாணவரை நினைத்துப் பார்த்தால், சீக்கிரம் மறுத்துவிடு என்று அறிவுரை சொல்கிற வாய் கொஞ்சம் தயங்கத்தான் செய்யும். ஆகவே ஒரு திருத்தம்: சேரப்போகிற இடத்திலிருந்து உதவித்தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் வந்த பிறகு மறுக்கலாம். வந்த பிறகும் மறுக்காமல் இழுப்பதற்குத்தான் சாக்கு இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு கடன் பாக்கி இருக்கும். பத்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த மாணவருக்கு மூன்று ஆசிரியர்கள் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார்கள் என்றால், அந்த மூவரும் சேர்ந்து முப்பது தடவை இணைப்பைத் திறந்து, படிவம் நிரப்பி, கடிதத்தை ஏற்றியிருக்கிறார்கள். பெரும்பாலும் டிசம்பர் மாதம், செமஸ்டர் விடைத்தாள் திருத்துகிற நேரத்தில். அமெரிக்கப் பேராசிரியருக்கு மறுநாளே நன்றி எழுதுகிற பிள்ளை, தன் கல்லூரி ஆசிரியருக்கு முடிவு என்ன என்று சொல்ல மறந்துபோகிறது. எங்கும் கிடைக்காதவர்கள் சொல்லக் கூச்சப்பட்டே ஒதுங்கிவிடுகிறார்கள். அடுத்த டிசம்பரில் மறுபடி விண்ணப்பிக்கிறவர்கள் அதே ஆசிரியரிடம்தான் போய் நிற்க வேண்டும். இந்த ஆண்டு முடிவு தெரிந்தவர்கள், கிடைத்திருந்தாலும் கிடைக்காவிட்டாலும், அவர்கள் மூவருக்கும் தனித்தனியாக ஒரு வரி எழுதிவிடுங்கள்.